அம்மனின் கடல் எதுவரை

மனிதர்கள் முதலில் காரணங்களைச் சேர்த்து, அவற்றை நிறுத்துப் பார்த்து, அதன் பிறகே முடிவெடுக்கிறார்கள் என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். தபாற்கந்தோரில் வேலை பார்ப்பவன் அப்படி நம்புவதில் வியப்பில்லை. பொதியைத் தராசில் வைக்காமல் அதற்கு எவ்வளவு முத்திரை ஒட்டுவது என்று சொல்ல முடியாது. ஆனால் என் வீட்டில் ஒரு கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு வேறுவிதமாக விளங்கியது. பெரும்பாலானவர்கள் முத்திரையை முதலில் ஒட்டிவிடுகிறார்கள். பிறகு அதற்குப் பொருத்தமாகப் பொதியைக் கட்டுகிறார்கள்.

எண்பத்து நான்காம் ஆண்டு சித்திரை மாதம். அடுத்த ஆண்டிலிருந்து, யுத்தம் தண்ணீருக்கும் வந்தபின், நெடுந்தீவுக் கடலைப் பற்றிப் பேசுவதற்கு எங்களுக்கு வேறு காரணங்கள் வந்துவிட்டன. நான் சொல்வது அதற்கு முந்தியது; கடல் என்றால் காற்றுக்கும் அலைக்கும் மட்டுமே பயப்பட்டுக்கொண்டிருந்த காலம்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவொன்றில், நாரந்தனை என்ற ஊரில் குடியிருந்தோம். நான் ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் கிளாக்கர். மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளுடைய தாய், அதாவது என் மாமி, எங்களோடு இருந்தார். மகன் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்தபடியால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மூன்று பேர் இருக்கும் வீட்டில் வாக்கெடுப்பு நடத்தினால் சமநிலை வராது என்பது என் எண்ணம். அந்த வீட்டில் வாக்கெடுப்பு நடந்ததே இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மனைவி பள்ளிக்கூடத்தால் வந்து, கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு, சேலை மாற்றாமலே குசினிக்குள் போய்த் தேங்காய் திருவத் தொடங்கினாள். நான் வாசலில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மாமி அடுப்பருகில் இருந்தார்.

"வட்டாரக் கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்" என்றாள் மனைவி, திருவுவதை நிறுத்தாமல். "நெடுந்தீவில ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிரின்சிப்பல் இல்லையாம். என்னைப் போகேலுமோ எண்டு கேக்கிறார்."

"நீ என்ன சொன்னனீ?" என்றார் மாமி.

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொன்னனான். திங்கக்கிழமை பதில் வேணுமாம்."

"இதில யோசிக்க என்ன கிடக்கு. கடல்."

மாமி சொன்னது அந்த ஒரு சொல்தான். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல அடுப்புக்குள் விறகைத் தள்ளினார்.

"நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வருசா வருசம் வள்ளத்தில போறியள்தானே அம்மா. அது கடலில்லையோ?"

"அது அம்மன்ர கடல்."

"ரெண்டுக்கும் ஒரே துறையிலதான் வள்ளம் ஏறுறது."

"ஏறுறது ஒரே துறை. போறது வேற கடல்."

எல்லைகள் துல்லியமாக இருக்கவேண்டும் என்று நினைப்பவன் நான். எங்கள் கந்தோரில் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை எந்தத் தபாற்காரனுக்கு உரியது என்பதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. எனவே கேட்டேன்: "மாமி, அம்மன்ர கடல் எதுவரைக்கும் போகுது?"

"தம்பி, உங்கட தேத்தண்ணி ஆறுது."

அன்றைக்கு அவ்வளவோடு நின்றது. ஆனால் விஷயம் சின்னதல்ல. மனைவி இருபத்திரண்டு வருடமாக அதே பள்ளிக்கூடத்தில், பெரும்பாலும் அதே நாலாம் வகுப்பில், படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எழுத்துக் கற்ற ஒருவன் வளர்ந்து, மீசை வைத்து, வேலணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதிபராகவும் வந்துவிட்டான். இந்தத் தீவில் அவளுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் பலர். நெடுந்தீவுக்குப் போகத்தான் ஆளில்லை. கேட்கும்போது மாட்டேன் என்றால் மறுபடி கேட்கமாட்டார்கள். போனால், திங்கள் வள்ளமேறி, கிழமை முழுதும் அங்கே தங்கி, வெள்ளி வீடு திரும்பவேண்டும்.

என் நிலைப்பாடு நடுநிலை. என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "உம்மட விருப்பம்" என்று பெருந்தன்மையோடு சொல்லியிருப்பேன். சொல்லும் விதத்தில் என் விருப்பம் என்னவென்று அவளுக்கு விளங்கியிருக்கும். அந்தக் கிழமை என் நாட்குறிப்பில் இதைப் பற்றி எழுதியவற்றைப் பிறகு வாசித்துப் பார்த்தேன். முதல் நாள், கடற்பயணம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தேன். அடுத்த நாள், நெடுந்தீவில் சில கிணறுகள் உவர் என்று எழுதியிருந்தேன். அதற்கடுத்த நாள், அந்த ஊரில் பார்க்குமிடமெல்லாம் கல், அவளுக்கோ குதிக்காலில் வலி என்று எழுதியிருந்தேன். காரணம் தினமும் மாறியிருந்தது. முடிவு மட்டும் அசையாமல் நின்றது. உண்மையான காரணத்தை நான் எழுதவில்லை. அது இதுதான்: அவள் போனால் கிழமை முழுதும் தேத்தண்ணீர் போடுவது மாமி; மாமி போடும் தேத்தண்ணீரில் சீனி அதிகம்.

புதன்கிழமை காலை மீன்காரி வந்தாள். ஊர்காவற்றுறைக் கரையோரம் வாழும் கத்தோலிக்கக் குடும்பத்தவள். புருஷன் பிடிக்கும் மீனைக் கடகப் பெட்டியில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வருவாள். மாமிக்கும் அவளுக்கும் பழைய சிநேகம். பத்து நிமிடம் விலை பேசாமல் இருவரும் ஒரு மீன்கூடக் கைமாற்றியதில்லை.

மாமிக்கு அன்று ஒரு சாட்சி தேவைப்பட்டது. கடலைப் பற்றிச் சொல்லக் கடற்காரியைவிட யார் நல்ல சாட்சி.

"எடி பிள்ளை, உன்ர மனுசன் நெடுந்தீவுப் பக்கம் போறவர்தானே. கடல் எப்பிடி?"

அவள் கடகத்தை இறக்கிவைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினாள். "போகாத கிழமை இல்லை அக்கா. இப்ப கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. வள்ளம் ஓட்டுற ஆக்களும் பழக்கமான ஆக்கள். பள்ளிக்கூடப் பிள்ளையள், வாத்திமார், நோயாளியள் எல்லாரும் அதிலதான் போய் வருகினம். சோளகக் காத்து எழும்பினா மட்டும் கொஞ்சம் ஆட்டும்."

"கேட்டியே பிள்ளை?" என்று மாமி உள்ளே பார்த்துச் சொன்னார். "ஆட்டுமாம்."

"கொஞ்சம் எண்டவ" என்று மனைவியின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "சோளகத்துக்கு மட்டும் எண்டவ."

மீன்காரி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நான் எல்லாத்தையும்தான் சொன்னனான்" என்றாள் அவள். "அவையவைக்கு வேண்டினதை எடுங்கோ. இப்ப மீனைச் சொல்லுங்கோ, ஓராவோ விளைமீனோ?"

பிறகு விஷயம் என்னவென்று கேட்டு அறிந்துகொண்டாள். கடகத்தைத் தலையில் ஏற்றும்போது சிரித்தாள். "அப்ப இனி ரீச்சர் வீடு எண்டு சொல்லேலாது. பிரின்சிப்பலின்ர தாயார் வீடு எண்டுதான் சொல்லிக்கொண்டு வரவேணும்."

"போடி" என்றார் மாமி.

அன்று மாமி விலை பேசவில்லை. கேட்ட காசைக் கொடுத்து, பெரிய விளைமீனாக வாங்கினார். நான் இதைக் கவனித்தேன். கவனித்ததற்கும் விளங்கிக்கொண்டதற்கும் இடையில் இரண்டு நாள் இருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் பெரிய வாக்குவாதம். செவ்வாய்க்கிழமை "யோசிச்சுச் சொல்லுறன்" என்றிருந்தவள் இப்போது "போறதெண்டால் போறதுதான்" என்று நின்றாள். இதற்கு நடுவில் நெடுந்தீவைப் பற்றி அவளுக்குப் புதிதாக ஒரு தகவலும் கிடைக்கவில்லை. தாய் வேண்டாம் என்று சொன்னது மட்டுமே புதிது. மாமியும் அப்படித்தான். கடலில் தொடங்கியவர், வள்ளத்துக்கு வந்து, அங்கே யார் வீட்டில் தங்குவாள் என்பதற்கு வந்து, கடைசியில் நாற்பத்திரண்டு வயதில் பெண்பிள்ளைக்குத் தனியாக என்ன பயணம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஒரு காரணத்தை மகள் உடைத்தால் அடுத்த காரணம் தயாராக நின்றது. என் நாட்குறிப்பைப் போலவே.

"உங்களுக்கு நான் முன்னுக்கு வாறது விருப்பமில்லை" என்றாள் மனைவி.

மாமி எழுந்து குசினிக்குள் போனார். சட்டி கழுவும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அம்மனிட்டைப் பூ வைச்சுக் கேப்பம்."

"ஓம். கேப்பம்" என்றாள் மனைவி.

இருவரும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். மூன்று நாள் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்காதவர்கள், முடிவை மூன்றாவது ஒருவரிடம் கொடுக்க ஒரு நொடியில் உடன்பட்டார்கள்.

பூ வைத்துப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூவையும் இன்னொன்றில் சிவப்புப் பூவையும் வைத்து, வெளியே தெரியாமல் மடித்து, நாரால் கட்டி, அம்மன் முன்னால் வைக்கவேண்டும். பூசை முடிய ஐயர் ஒரு பொட்டலத்தை எடுத்துத் தருவார். அதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். வெள்ளை என்றால் போகலாம், சிவப்பு என்றால் நிற்கவேண்டும் என்று பேசிக்கொண்டோம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது மாமியின் வீட்டு வழக்கம். அம்மன் சொல்லாததைக் கிண்டிப் பார்ப்பது மரியாதை இல்லையாம்.

நான் சில ஒழுங்குகளை முன்வைத்தேன். இரண்டு இலைத்துண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும். செவ்வரத்தம்பூ பெரிது, நந்தியாவட்டை சிறிது என்பதால், பொட்டலத்தின் பருமனில் வித்தியாசம் தெரியாதபடி இரண்டையும் மொட்டாகவே எடுக்கவேண்டும். விருப்பமென்றால் நானே கட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"தம்பி, இது பார்சல் இல்லை" என்றார் மாமி.

கடைசியில் கட்டுவது மாமி, கொண்டுபோவது மனைவி, எடுப்பது ஐயர் என்று முடிவாயிற்று. எனக்குத் திருப்தி. மூன்று கை மாறும் பொருளில் கள்ளம் நடக்காது. தபால் திணைக்களம் அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது.

வெள்ளிக்கிழமை நானும் மனைவியும் லீவு போட்டிருந்தோம். காலை மாமி வீட்டு வளவில் பூப் பறித்து, சாமியறைக்குள் இருந்து பொட்டலங்களைக் கட்டி, தட்டத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் வந்தபின் மூவரும் ஊர் அம்மன் கோயிலுக்கு நடந்தோம். முன்னால் தட்டத்தோடு மனைவி, நடுவில் மாமி, பின்னால் குடையோடு நான்.

ஐயர் பூசையை முடித்து, கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார். அவள் நாரை அவிழ்த்தாள்.

சிவப்பு.

மனைவி நீளமாக மூச்சு விட்டாள். அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். மாமி தூணைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு முகத்தையும் அன்று நான் பிழையாக வாசித்தேன். அவை எப்படி இருக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததுதான் காரணம். தோற்றவள் ஒருத்தி, வென்றவர் ஒருவர். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதற்குப் பெயர் எழுதி வைத்திருந்தேன்.

ஐயர் மற்றப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "இதைக் கிணத்தடிப் பூக்கண்டுக்குக் கீழ போட்டுவிடும்."

கிணற்றடிக்குப் போனேன். பூட்டிய கதவையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பவன் நான். ஒட்டிய உறையைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமல் இருப்பது என் தொழில் என்பதால், அந்த ஆசை எனக்குள் நிறையவே சேர்ந்து கிடந்தது. முடிச்சு குறுக்கும் நெடுக்குமாக இறுகியிருந்தது; அவிழ்க்கச் சற்றுச் சிரமப்பட்டேன். நல்ல முடிச்சு என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு மறந்துபோனேன்.

உள்ளே இருந்ததும் சிவப்பு.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு முன்னால் மகிழ்ச்சி ஒன்றும் வந்தது, ஆனால் அது மிகச் சிறியது, கணக்கில் எடுக்கத் தேவையில்லை. இரண்டிலும் சிவப்பை வைத்துக் கட்டியது மாமி. போகவேண்டாம் என்று நின்றவரும் மாமி. இதற்குமேல் என்ன விசாரணை வேண்டும். இதைக் கேட்காமல் விடக்கூடாது என்று நினைத்தேன். கேட்டாலும் ஒன்றும் மாறாதபடி கேட்கவேண்டும் என்றும் நினைத்தேன்.

மத்தியானம் மாமி சாப்பிடவில்லை. சாமியறை வாசலில் பாயை விரித்துப் படுத்திருந்தார். மனைவி பின்வளவில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் மாமியின் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமி, மற்றப் பொட்டலத்தை நான் பிரிச்சுப் பாத்தனான்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "பிரிக்கக் கூடாதெண்டு தெரியாதோ உங்களுக்கு?"

"தெரியும்."

"என்ன இருந்தது?"

"சிவப்பு."

மாமி வெட்கப்படுவார், அல்லது எரிந்து விழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

"அதையும் மாத்திப்போட்டா."

"ஆர்?"

"ஆரோ. அம்மன்." குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நான் ரெண்டிலயும் வெள்ளைதான் வைச்சனான்."

நான் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்கள்தானே மாமி போகவேண்டாம் எண்டு நிண்டனீங்கள்?"

"நிண்டனான். அவ்வளவு நிண்டிட்டுப் பிறகு வாயால போ எண்டு சொல்லேலுமே? அவள் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே. நான் அவள் முன்னுக்கு வாறதை விரும்பேல்லையாம். சட்டி கழுவேக்க யோசிச்சன். படிப்பிச்ச பெடியன் பிரின்சிப்பல், இவள் இன்னும் நாலாம் வகுப்பில. அம்மன் போ எண்டு சொன்னா நான் சொல்லத் தேவையில்லை எண்டு நினைச்சன். அதோட அந்த மீன்காரப் பிள்ளையும் பிரின்சிப்பலின்ர தாயார் வீடு எண்டு..." அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

"சரி மாமி. இப்ப என்ன செய்யிறது?"

"என்ன செய்யிறதோ. அவவை ஏமாத்தப் பாத்தன். வெள்ளையா வைச்சதைச் சிவப்பாக்கிக் காட்டிப்போட்டா. இனி அவள் போகக்கூடாது தம்பி. நான் செத்தாலும் விடன்."

முதல் மூன்று நாள் மாமி வேண்டாம் என்று சொன்னது ஒரு பேச்சு. இது பேச்சில்லை. கண்ணில் உண்மையான பயம் இருந்தது. நான் விரும்பிய முடிவு இவ்வளவு பலமாக ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆனால் அந்த முடிச்சு மறுபடி நினைவுக்கு வந்தது. மாமி ஒரு சுருக்குப் போட்டு இழுப்பவர். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி நடுவில் இறுக்குவது பார்சல் முடிச்சு. அந்த வீட்டில் அதைப் போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான்.

பின்வளவுக்குப் போனேன்.

"இஞ்சரும், உமக்குப் பார்சல் முடிச்சு ஆர் காட்டித் தந்தது?"

"நீங்கள்தான். ஏன்?"

"இண்டைக்கு அதை எங்க போட்டனீர்?"

அவள் பிழிந்துகொண்டிருந்த சேலையை அப்படியே வாளிக்குள் விட்டாள். பிறகு கேட்டாள்: "மற்றதையும் பிரிச்சனீங்களோ?"

"ஓம்."

"எனக்குத் தெரியும், நீங்கள் பிரிப்பியள் எண்டு. ஐயர் அதைப் போயும்போயும் உங்களிட்டை நீட்டேக்கயே நினைச்சன்." வாளியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா குளிக்கப் போன நேரம் மாத்தினனான். அம்மா நேர்மையான மனுசி. ஒண்டில வெள்ளை, ஒண்டில சிவப்பு வைச்சிருப்பா. வெள்ளை வந்திட்டா நான் போகவெல்லோ வேணும்."

"போறதெண்டால் போறதுதான் எண்டு கத்தினது நீர்தானே?"

"கத்தினனான்தான். செவ்வாய்க்கிழமை எனக்குப் போறதோ விடுறதோ எண்டு தெரியாது. அம்மா வேண்டாம் எண்டா. நான் போவன் எண்டன். பிறகு அதிலேயே நிண்டிட்டன். நேற்று அந்தக் கதை சொன்னாப் பிறகு அம்மான்ர முகத்தைப் பாத்தனீங்களே? ஒண்டும் பேசாமல் எழும்பிப் போனவ. அந்த முகத்தை இஞ்ச விட்டிட்டு நான் எப்பிடி அங்க போய் மணி அடிக்கிறது? ஆனால் கதைச்சு வெண்டாப் பிறகு மாட்டன் எண்டு சொல்லவும் ஏலாது."

ஆக, வியாழக்கிழமை வாக்குவாதத்தில் இருவருமே வென்றிருந்தார்கள். ஒருவர் மற்றவரை முழுமையாக மாற்றிவிட்டார். மாறியதை ஒத்துக்கொள்ள மட்டும் இருவருக்கும் வாய் வரவில்லை. அந்த வேலையை அம்மனிடம் கொடுத்தார்கள். அம்மனுக்கு வேறு வழி இல்லாதபடி பார்த்துக்கொண்டும் கொடுத்தார்கள்.

"மாமி கட்டினது எங்க?"

"என்ர கைப்பைக்குள்ள. பிரிக்கேல்லை. பிரிக்கக் கூடாதெல்லோ."

"நான் பிரிக்கிறன். எனக்குப் பழகிப்போச்சு."

கைப்பையை எடுத்து வந்தாள். வகுப்புச் சோக்குக்கட்டியும் பேனையும் கிடந்த உட்பகுதிக்குள் இரண்டு பொட்டலம் இருந்தன. ஒற்றைச் சுருக்கு, இழுத்ததும் அவிழ்ந்தது. முதலாவதில் வெள்ளை. இரண்டாவதிலும் வெள்ளை. வாடி, ஓரம் மட்டும் பழுத்திருந்தன.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டும் வெள்ளை."

"ஓம்."

"அப்ப அம்மா..."

ஈரக் கையால் முகத்தைத் துடைத்தாள். முகம் இன்னும் ஈரமானது. பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நான் போகவேணும்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் என் தேத்தண்ணீர் தப்பியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதையும் சரிபார்க்காமல் விடமுடியாத பழக்கத்தால் வரும் நட்டங்களில் இதுவும் ஒன்று.

மாமிக்கு உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கணித்தேன். அற்புதம் நடக்கவில்லை, மகள்தான் மாற்றினாள் என்று தெரிந்தால் பயம் போய்விடும். அன்று பின்னேரம் மறுபடி கோயிலுக்குப் போன மாமி இருட்டும்வரை வரவில்லை. அடுத்த நாள் காலை சொல்லலாம் என்று இருந்தோம். ஆனால் எங்களுக்கு முன்னால் மீன்காரி வந்துவிட்டாள். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்று என்னிடம் கேட்ட மாமி, கடகம் இறங்குமுன் அவளிடம் முழுவதையும் சொல்லிவிட்டார். பயம் ஓர் இரவுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் மாறியிருந்தது.

"வெள்ளையா வைச்சது பிள்ளை, என்ர கையால வைச்சது. சிவப்பா வந்தது. ரெண்டும்."

மீன்காரி யோசித்தாள். "எங்கட அந்தோனியார் உப்பிடிச் செய்யிறேல்லை அக்கா. துலைஞ்ச சாமானை எடுத்துத் தருவார், அவ்வளவுதான்."

"அவரவருக்கு ஏலுமானது" என்றார் மாமி.

அவள் போனபின் மனைவி அந்த இரண்டு வாடிய பொட்டலத்தையும் தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்து தாயின் முன்னால் வைத்தாள். மாமி இலையைத் தொட்டுப் பார்த்தார். தான் மடித்த மடிப்பு அவருக்குத் தெரியாமல் போகுமா.

"நீயோ மாத்தினது?"

"ஓம் அம்மா. நீங்கள் குளிக்கப் போன நேரம்."

"ரெண்டும் சிவப்போ வைச்சனீ?"

"ஓம்."

"ஏன்?"

"உங்களை விட்டிட்டுப் போகேலாது எண்டுதான்."

மாமி வேலிப் பக்கம் பார்த்தார். "விசரி" என்றார். மூக்கை உறிஞ்சினார். பிறகு மறுபடி "விசரி" என்றார்.

நான் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மாமி தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி, நீ மாத்தினாய். மாத்தச் சொல்லி உன்ர மனசில வைச்சது ஆர்?"

"மாமி" என்று நான் இடையில் புகுந்தேன், "அப்பிடிப் பாத்தா எந்தப் பூ வந்தாலும் அது அம்மன்ர வேலைதானே."

"வேற ஆற்ற வேலை தம்பி?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "அப்ப நான் போகக் கூடாதோ அம்மா?"

மாமி ஒரு வாடிய நந்தியாவட்டையை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார். இதை நான் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று வந்த சிவப்பு அவருக்குத் தடை. அவர் அதை விடப்போவதில்லை. மகளையும் விடப்போவதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி வெளியே வருவார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"போகவேண்டாம் எண்டு அவ எங்க சொன்னவ? தாயும் மகளும் ஆளுக்காள் கள்ளம் செய்யாதேங்கோ, நேர கதையுங்கோ எண்டெல்லோ சொன்னவ. இதைவிட எப்பிடிச் சொல்லுறது? ரெண்டு சிவப்பையும் எடுத்து எங்கட மூஞ்சையில எறிஞ்சவ."

"சிவப்பு வந்தா நிக்கிறது எண்டுதானே மாமி வியாழக்கிழமை கதைச்சனாங்கள்" என்றேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"அது நாங்கள் போட்ட ஒப்பந்தம். அவ கையெழுத்து வைச்சவவே?"

மனைவி சிரித்துவிட்டாள். ஐந்து நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. மாமி சிரிக்கவில்லை, அவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்கும் விருப்பம்தானே?"

அந்தக் கிழமையில் என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதற்தடவை. கடல், உவர்த்தண்ணீர், கல், குதிக்கால் எல்லாம் வரிசையாக நின்றன. "ஓம் மாமி" என்றேன்.

"தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைச்சுப் போடுறன்" என்றார் அவர். "குடிக்கேக்க நீங்கள் மூஞ்சையைச் சுழிக்கிறது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனீங்களே."

திங்கட்கிழமை மனைவி ஓம் என்று சொன்னாள். புதுத் தவணை தொடங்கும் நாள் அவளை வழியனுப்ப நாங்கள் இருவரும் குறிகட்டுவான் துறைக்குப் போனோம். மாமி வரத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தோம். நயினாதீவு அம்மனைத் துறையிலிருந்தே கும்பிட்டுவிட்டு வரலாம், அதற்காகத்தான் வருகிறேன் என்றார்.

அந்த வருடம் சோளகம் முந்திக்கொண்டு எழும்பியிருந்தது. வள்ளம் கட்டின இடத்திலேயே ஆடிக்கொண்டு நின்றது. மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒருவர் கை கொடுக்க, உள்ளே இறங்கினாள். அவள் விட்ட பிறகும் மாமியின் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. வள்ளம் துறையை விட்டது. முதல் அலைக்கு மூக்கைத் தூக்கி இறக்கியது. உள்ளே இருந்த பெண்கள் தலையை மூடிக்கொண்டார்கள். மனைவி மூடவில்லை, எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

"ஆட்டுது" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"சோளகத்துக்குக் கொஞ்சம் ஆட்டும்தானே" என்றார் மாமி. "அந்தப் பிள்ளை அண்டைக்கே சொன்னவள்."

தண்ணீருக்கு அப்பால் நயினாதீவுக் கோபுரம் தெரிந்தது. மாமி அந்தப் பக்கம் கும்பிட்டார். பிறகு, கும்பிட்ட கையை இறக்காமலே மெல்லத் திரும்பி, வள்ளம் போய்க்கொண்டிருந்த பக்கமும் கும்பிட்டார்.

"அண்டைக்குக் கேட்டனீங்கள் எல்லே தம்பி, அம்மன்ர கடல் எதுவரைக்கும் எண்டு."

"ஓம் மாமி."

"நெடுந்தீவு வரைக்கும்."

நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன். ஆனாலும் எல்லை என்றால் இரண்டு பக்கமும் தெரியவேண்டும்.

"அதுக்கங்கால?"

மாமி என்னை, இதுகூடத் தெரியாதா என்பதுபோலப் பார்த்தார்.

"அதுக்கங்கால எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே."